வேம்புலியம்மாள் ஒப்புக்கொண்ட வலி

ஜானகிராமனைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வருடத்திலேயே வேம்புலியம்மாளுக்கு ஒரு விஷயம் தெரிந்துபோயிற்று. அந்த ஆளுக்கு உடம்பில் வாய் மட்டும்தான் உழைக்கிறது.

அவள் நூம்பலில் பிறந்தவள். வயசுக்கு வருமுன்பே சேற்றில் இறங்கி நாற்று நட்டவள். பட்டாபிராமுக்கு வாக்கப்பட்டு வந்தது அறுபத்து மூன்றில். மாப்பிள்ளைக்கு அம்பத்தூரில் லாரிக்கு நட்டு போல்ட்டு செய்கிற கம்பெனியில் வேலை, மாதச் சம்பளம், ரயிலில் போய் ரயிலில் வருவார் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். எல்லாம் உண்மைதான். யாரும் பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை அவளாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த வருட மழையில் குளிக்கிற தட்டி மறைப்புக்குள் ஒரு சாரைப் பாம்பு புகுந்தது. ஜானகிராமன் பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டு, "அப்டி போவாத, இப்டி போ, வாலைப் பாரு, தலையைப் பாரு" என்று கத்திக்கொண்டிருந்தான். வேம்புலி துடைப்பத்தின் அடிக்கட்டையால் தரையைத் தட்டித் தட்டி அதை வேலிக்கு வெளியே விரட்டினாள். சாயங்காலம் டீக்கடையில் அவன், "இன்னா நீளம்ன்ற, நாங்க உடலியே" என்று கை விரித்துக் காட்டியதை, பால் வாங்கப் போன அவள் காதாலேயே கேட்டாள். 'நாங்க' என்ற அந்தச் சொல்லை அன்றிலிருந்து அவளால் அவன் வாயில் கேட்கச் சகிக்கவில்லை.

ஒரே பெண் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வேம்புலி சித்தாள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அம்பத்தூர் பக்கம் அப்போது எங்கே பார்த்தாலும் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கல் சுமப்பாள், கலவை சுமப்பாள். ஜானகிராமன் யூனியனில் சேர்ந்து பேச்சாளன் ஆகியிருந்தான். கம்பெனி வாசலில் கூட்டம் என்றால் அவன்தான் மைக்கைப் பிடிப்பான். ஒருநாள் பக்கத்துத் தெருவில் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தபோது அவன் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "கடைசி சொட்டு ரத்தம் இருக்கும் வரை போராடுவோம், தோழர்களே." கூட்டம் கை தட்டியது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்யும்போது தாடையில் கீறிக்கொண்டு, ஈரத்துணி போட்டு மத்தியானம் வரை படுத்துக் கிடந்தவன் அவன். வேம்புலி தலையில் இருந்த செங்கல்லை இறக்கி வைத்துவிட்டு எச்சிலைத் துப்பினாள்.

எழுபத்து நாலு பொங்கலுக்கு முன்னால் அவனுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை முற்றியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தான். பார்த்தவர்களிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டினான். பக்கத்து வீட்டு ஹில்டா ஆவடியில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஆயாவாக இருந்தாள். "பிடுங்க வேண்டியதில்ல, அடைச்சா போதும்" என்று சொல்லி, ஆவடி ஸ்டேஷன் அருகே புதிதாகக் கடை போட்டிருந்த பல் டாக்டரின் பெயரைச் சொன்னாள்.

"நீயும் வா. டாக்டர் சொல்றத கேட்டுக்க ஆள் வேணும்" என்றான் ஜானகிராமன்.

கேட்டுக்கொள்ள அல்ல, பிடித்துக்கொள்ளத்தான் ஆள் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அப்படியே ஆயிற்று. டாக்டர் ஈறில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்த பிறகும், காலால் மிதித்துச் சுழற்றுகிற அந்த மிஷின் 'ஙொய்' என்று சத்தம் போட்டதும் அவள் முந்தானையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். சொத்தையைக் குடைந்து எடுத்து, வெள்ளி மாதிரி ஏதோ ஒன்றைக் குழைத்து வைத்து அழுத்தி, வழித்துவிட்டார்கள். அவ்வளவுதான் வேலை. நாற்காலியை விட்டு எழுந்தவன் பிரசவ வார்டிலிருந்து வருகிறவன்போல நடந்தான்.

டாக்டர் அவனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தவர், அவன் கேட்கிற நிலையில் இல்லை என்று கண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அடைச்சது நல்லா இறுகறதுக்கு நாளைக்கு வரைக்கும் ஆகும்மா. அதுவரைக்கும் அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. உதடு மரத்திருக்கு, அது தெளியறதுக்குள்ள சூடா எதையும் குடிச்சா சுட்டுக்குவார், தெரியாது. ரெண்டு மூணு நாளைக்கு வலி இருக்கும், கூச்சமும் இருக்கும். ரொம்ப சூடு, ரொம்ப சில்லுன்னு எதுவும் வேண்டாம். வெதுவெதுன்னு உப்புத் தண்ணி வெச்சு கொப்பளிக்கட்டும். மாத்திரையை சாப்பாட்டுக்கு அப்புறம் முழுங்கணும். வாயை மூடும்போது அந்தப் பல்லு மட்டும் முன்னாடி இடிச்சா சொல்லுங்க, கொஞ்சம் ராவி விட்டா சரியாயிடும்."

வேம்புலி ஒவ்வொன்றையும் மனசில் வாங்கிக்கொண்டாள். ஜானகிராமன் ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததும் டீ கேட்டான்.

"சூடா குடிக்கக் கூடாதுன்னாரே."

"அவரு பொதுவா சொல்லுவாரு. நமக்கு டீ இன்னா புச்சா?"

குடித்தான். கீழுதடு வெந்து தோல் உரிந்ததுகூட ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. மரத்தது தெளிந்து வலி தொடங்கியதும், மாத்திரையை முழுங்காமல் பல்லோரம் அதக்கிக்கொண்டான். அப்படி வைத்தால் நேராகப் பல்லுக்கே போய்ச் சேரும் என்று டீக்கடையில் எவனோ சொன்னானாம். மறுநாள் ஈறு வெள்ளை வெள்ளையாய் வெந்திருந்தது. ஹில்டா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது மருந்துப்பா, வெத்தலபாக்கு இல்ல, அதக்கிக்கறதுக்கு. ஈறு புண்ணாயிடுச்சு பாரு. பல்லு பண்ணாத கெடுதிய நீயே பண்ணிகினு கீற."

வேம்புலி உப்புத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள், கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள், மாத்திரையைக் கையில் கொடுத்து அவன் தொண்டை அசைகிறவரை நின்று பார்த்தாள். எருமைக்கு மருந்து ஊற்றுகிறவள் காட்டுகிற கவனம்தான் அது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "ஐயோ, மண்டைக்குள்ள குத்துதே, வேம்பு" என்று அவன் அனத்தியபோது அவள் நம்பவில்லை. ஒரு பல். அதிலும் ஓட்டை அடைத்த பல். மண் சட்டியில் ஓட்டை அடைத்தால் சட்டியா அழுகிறது என்று நினைத்துக்கொண்டு அரிசி களைந்தாள்.

மூன்றாம் நாள் வாக்கில் அனத்தல் தானாகக் குறைந்தது. டீயை ஆற்றாமல் குடித்தான். பீடி பிடித்தான். வேலைக்கும் ஒருநாள் போய் வந்தான். எல்லாம் முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

பொங்கல் கழிந்ததும் கம்பெனியில் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். வாசலில் பந்தல் போட்டு உட்காரப்போகிறார்கள், போலீஸ் வரலாம், பிடித்துக்கொண்டு போகலாம் என்று பேச்சு. அறிவிப்பு வந்த சாயங்காலமே ஜானகிராமனின் பல் மறுபடி வலிக்க ஆரம்பித்துவிட்டது. தலையிலிருந்து தாடைக்கு ஒரு துண்டைச் சுற்றி உச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டான். யாராவது படியேறினால் முனகுவான். போய்விட்டால் முடிச்சைத் தளர்த்திவிட்டு ரேடியோ கேட்பான்.

வேம்புலி முதலில் சந்தேகப்படத்தான் செய்தாள். சந்தேகத்துக்கும் அவன் இடம் வைக்கவில்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே சொல்லிக்கொள்ளாமல் அவனால் இருக்க முடியாது. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"தெரிஞ்ச டாக்டராண்ட சொல்லி மெடிக்கல் லீவு எழுதி வாங்கி கம்பெனிக்கு அனுப்பிட்டேன். நாளைக்கு கம்பெனி ஜெயிச்சிட்டா, நான் ஸ்ட்ரைக்லயே இல்ல, ஒடம்பு சரியில்லாம ஊட்ல கீறேன். யூனியன் ஜெயிச்சிட்டா, பல்லு வலியோட இருந்தாலும் மனசு அங்கதான் இருந்திச்சுன்னுடுவேன். எப்டி?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பாராட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான். உதட்டோரம் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அதைக்கூடச் சொல்லாமல் எழுந்து போனாள்.

அந்த நாட்களில் அவளுக்குப் பேச்சே பிடிக்கவில்லை. காலையில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவாள். கம்பெனி வாசலைக் கடந்துதான் போக வேண்டும். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள், "அண்ணிக்கு வழி உடுங்கபா. அண்ணனுக்கு பல்லு தேவலையா?" என்று கேட்பார்கள். 'கீது, கீது' என்று எதையோ சொல்லிக்கொண்டு தலை குனிந்து நடப்பாள். பொய் சொன்னவன் வீட்டில் சாய்ந்து கிடக்கிறான், கூச்சப்படுவதற்கு மட்டும் அவள் கூலி இல்லாமல் உழைக்கிறாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துலுக்கானம் வந்தான். ஜானகிராமனோடு பக்கத்து மிஷினில் வேலை செய்தவன், ஒல்லியான ஆள், கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசத் தெரியாது. கம்பெனி வாசலில் நடந்த தள்ளுமுள்ளில் மணிக்கட்டு பிசகி, கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தான். மற்றக் கையில் ஒரு சின்னச் சீசா.

ஜானகிராமன் சட்டென்று துண்டை இறுக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"எப்டிணா கீது?" என்றான் துலுக்கானம்.

"ம்ம்... ம்ஹும்..."

"வாணாம், வாணாம், பேசாத. பேசினா இழுக்கும். இந்தா, கிராம்புத் தைலம். பாடி பக்கம் ஒருத்தராண்ட சொல்லி வெச்சு வாங்கியாந்தேன். நெறைய ஊத்திடாத, பஞ்சுல ஒரு சொட்டு தொட்டு வெச்சா போதுமாம். கம்பெனி கேட்டாண்ட அல்லாரும் உன்னத்தான் கேக்கறாங்கணா. நீ இருந்தா மைக்கப் புடிச்சு ரெண்டு வார்த்தை பேசுவ, பசங்களுக்கு தெம்பா இருக்கும்."

ஜானகிராமன் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்துக் காட்டினான். மனசு அங்கேதான் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கண்ணோரத்தில் ஈரம்கூட வரவழைத்திருந்தான்.

வேம்புலி அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த ஈரத்தைப் பார்த்ததும்தான் அவளுக்குள் ஏதோ முடிவுக்கு வந்தது.

"துலுக்கானம், அந்த சீசாவ நீயே எடுத்துகினு போ. நாளைக்கு உனக்கு ஒரு பல்லு வலிச்சா உதவும்" என்றாள். "இந்த ஆளுக்கு வலி போயி ரொம்ப நாளாச்சு. காலையில கொல்லப்பக்கம் குந்திகினு முழுக் கரும்பு கடிச்சு துன்னாரு. அடைச்ச பக்கத்துல வெச்சு ஒடைச்சாரு. சக்கை இன்னும் அங்கதான் கீது, போயி பாரு."

துலுக்கானம் ஜானகிராமனைப் பார்த்தான்.

"இன்னாடி ஒளர்ற?" என்றான் ஜானகிராமன். துண்டு கட்டியிருந்த வாயிலிருந்து அந்தச் சொல் கம்பெனி வாசல் மைக்கில் வருவதுபோல அவ்வளவு தெளிவாக வந்தது.

துலுக்கானம் திட்டுவான் என்று வேம்புலி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். அவன் பெஞ்சிலிருந்து எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "சரி அண்ணி, நான் வரேன்" என்றான். சீசாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கொடுத்ததைத் திருப்பி வாங்கிப் பழக்கமில்லாதவன்.

அவன் போனதும் ஜானகிராமன் துண்டை அவிழ்த்து எறிந்தான். புருஷனின் மானத்தை வாங்கியவள், குடும்பம் தெரியாதவள், சேற்றில் கிடந்தவளுக்குச் சேற்றுப் புத்தி என்று வெகுநேரம் பேசினான். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. மைக் இல்லாத குறை ஒன்றுதான்.

"நீ இன்னா வேணா சொல்லிக்க. இனிமே உன் பல்லுக்கு யார்னா வந்து விசாரிச்சா நான் வாய மூடிகினு நிக்க மாட்டேன்" என்றாள் வேம்புலி.

அவன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அந்த மாதத்தை அவள் பிறகு பலமுறை ஆசையோடு நினைத்துக்கொள்வாள்.

வேலைநிறுத்தம் மாதக் கடைசியில் சமாதானமாக முடிந்தது. எல்லோருக்கும் சம்பளம் கூடியது. ஜானகிராமனுக்கும் கூடியது. தள்ளுமுள்ளில் முன்னால் நின்றவர்கள் என்று சிலரைக் கம்பெனி திரும்ப எடுக்கவில்லை. அதில் துலுக்கானம் ஒருத்தன். அவன் திருவேற்காட்டுப் பக்கம் போய் செங்கல் லாரியில் ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தான். மெடிக்கல் லீவில் இருந்த ஜானகிராமனின் பெயர் சுத்தமாக இருந்ததால் இரண்டு வருடம் கழித்து அவனைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். காக்கிச் சட்டை போய் வெள்ளைச் சட்டை வந்தது. ரயிலில் புதுப் பையன்களை உட்கார வைத்து, "எழுவத்தி நாலு ஸ்ட்ரைக்குல நாங்க பட்ட பாடு..." என்று ஆரம்பிப்பான். வேம்புலி அதே பெட்டியில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தால் ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். செங்கல் ஏற்றிய லாரி வேலையிடத்துக்கு வரும்போது சில நாள் அதிலிருந்து துலுக்கானம் இறங்குவான். "நல்லா கீறியா அண்ணி?" என்பான். அண்ணனை ஒருதரமும் விசாரித்ததில்லை. அது அவளுக்கு உள்ளபடியே நிம்மதியாக இருந்தது.

எழுபத்து ஏழில் வேம்புலிக்கே பல் சொத்தையானது. சாப்பிடும்போது சோறு போய் அடைத்துக்கொண்டு உயிர் போனது. ஹில்டாவிடம் மட்டும் சொன்னாள். வேறு யாருக்கும் தெரியாமல் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆவடிக்குத் தனியாகப் போய் அதே டாக்டரிடம் அடைத்துக்கொண்டாள். நாற்காலியின் கையைத் தவிர வேறெதையும் பிடிக்கவில்லை.

மரத்தது தெளிந்ததும் வலி வந்தது. அவள் தயாராகத்தான் இருந்தாள், ஆனால் அது அவள் நினைத்திருந்த வலி அல்ல. பல்லுக்குள்ளிருந்து காதுக்குப் போய், காதிலிருந்து கண்ணுக்குப் பின்னால் போய் நின்றது. காற்றை உள்ளே இழுத்தால் கூசியது. நாக்கு பட்டால் கூசியது. கஞ்சியை ஆறவைத்து மறுபக்கம் வைத்துக் குடித்தாள், மாத்திரையைத் தண்ணீர் விட்டு முழுங்கினாள், உப்புத் தண்ணீரைக் கொப்பளித்தாள். டாக்டர் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. அப்படியும் வலித்தது. மறுநாள் வேலைக்குப் போனாள். சும்மாட்டின் மேல் செங்கல்லை ஏற்றிச் சாரத்தில் கால் வைக்க, ஒவ்வொரு அடியும் நேராகப் போய் அந்தப் பல்லில் இறங்கியது. பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது, இந்த ஆள் அன்றைக்கு அனத்தினானே, அது நிஜம்தான் போலிருக்கிறது.

அந்த நினைப்பு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வலியைவிட அதுதான் கசந்தது. ஆனாலும் நிஜம் நிஜம்தான். சட்டிக்கும் பல்லுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இரண்டு நாளில் குத்தல் அடங்கியது. ஆனால் வாயை மூடினால் அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு மேற்பல்லில் இடித்தது. சோற்றுப் பருக்கையைக் கடித்தால்கூடச் சுரீர் என்றது. பழகிவிடும் என்று அவள் காத்திருக்கவில்லை. மறுபடி ஆவடிக்குப் போனாள். டாக்டர் ஒரு கறுப்புத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, கறை பட்ட மேட்டை மட்டும் கொஞ்சம் ராவிவிட்டார். வாயை மூடித் திறந்தாள். இடிக்கவில்லை.

"இதோட வலியைப் பொறுத்துக்கிட்டு மாசக்கணக்கா இருக்கறவங்க எல்லாம் உண்டும்மா. நீங்க வந்ததே நல்லதாச்சு" என்றார் டாக்டர்.

ஜானகிராமனுக்கு விஷயம் ஹில்டா மூலம் எட்டியது. வெள்ளைச் சட்டையோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"இப்ப தெரியுதா? அன்னிக்கு நான் துடிச்சப்ப கல்லு மாதிரி நின்னியே. மாத்திரைய பல்லோரம் வெச்சுக்கினியா?"

"முழுங்கினேன்."

"அதான் தப்பு" என்றான் அவன்.

வேம்புலி அவனை நிதானமாகப் பார்த்தாள். இவனிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தாள். தனக்குத் தெரிந்துவிட்ட ஒன்றைத் தெரியாததுபோல வைத்துக்கொள்வது இவன் செய்கிற வேலை, தான் செய்கிற வேலை அல்ல என்று தோன்றியது.

"அடைச்சு வந்த மொத ரெண்டு நாளு உனக்கு வலிச்சது நெசம்தான்" என்றாள். "அத நான் அன்னிக்கு நம்பல. இப்ப நம்பறேன்."

"பாத்தியா?"

"ரெண்டு நாளு. அவ்ளோதான்."

அவனுக்கு அந்த 'ரெண்டு நாளு' காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் ஹில்டா வீட்டு வாசலில் அவன் குரல் கேட்டது.

"என் ஊட்டுக்காரியே இன்னிக்கு வாய தொறந்து சொல்லிட்டா. எழுவத்தி நாலுல எனக்கு வலிச்சது நெசம்னு. பொம்பள மனசு, லேட்டா தான் புரியும்."

ஹில்டா, "அப்டியா?" என்று இழுத்து, வேலிக்கு மேலாக எட்டி வேம்புலியைப் பார்த்தாள், இது என்ன கூத்து என்று கேட்பதுபோல.

வேம்புலி கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மறுத்துச் சொல்ல எழுந்து போகவில்லை. மறுநாள் வேலைக்குத் தூக்குவாளி வேண்டும். அதன் அடியில் பிடித்திருந்த கரியைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தாள்.